சாமியின் வலப்பக்கம்

என் வீட்டுக்காரர் ஆறுமுகத்துக்குப் பேச்சு நின்றுபோனது போன வருடம் ஆடி மாதத்தில், காலை டீ நேரத்தில். மண்ணரைப் பகுதியில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட்டில் அவர் டெய்லர். டீ வந்திருக்கிறது. கையை நீட்டியிருக்கிறார். டம்ளர் நழுவி விழுந்திருக்கிறது. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. ஏதோ சேட்டை செய்கிறார் என்று நினைத்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர் அப்படிப்பட்ட ஆள். வாய் ஒரு பக்கம் கோணிப் போனதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

என் தம்பி செந்தில் பக்கத்துத் தெருவில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். அதனால் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. உயிர் பிழைத்தார். கை மெல்ல மெல்ல அசைய ஆரம்பித்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

"பேச்சு வருமுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"வரலாம், வராமலும் போகலாம். பயிற்சிக்கு ஒழுங்கா கூட்டிட்டு வாங்க."

"எத்தன நாள்லீங்க?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

எனக்குக் கோபம் வந்தது. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் மேசையில் பதினைந்து வருடமாக நிற்கிறவள். ஒரு சட்டை நல்லதா டேமேஜா என்று கேட்டால், வரலாம் வராமலும் போகலாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

என் வீட்டுக்காரருடைய வாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் எதற்காக அழுதேன் என்று உங்களுக்குப் புரியாது. இந்த மலரைப் படிக்கிறவர்களில், தைப்பூசத்துக்கு நம் பாதயாத்திரைக் குழுவோடு பழனிக்கு நடந்த பழைய ஆட்களுக்குத் தெரியும், வழி முழுக்க அவர் வாய் ஓயாது. காலில் கொப்புளம் வந்தவர்களையும் சிரிக்க வைத்து நடக்க வைப்பார். வீட்டிலும் அப்படித்தான். நான் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு "ஆறுமுகா" என்று கும்பிடுவேன். சாமி பேரும் அவர் பேரும் ஒன்று. உடனே உள்ளே கட்டிலில் இருந்து குரல் வரும். "என்னங்க அம்மணி, கூப்பிட்டீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. "உங்களையில்லீங்க, பேசாம இருங்க" என்பேன். "அந்த ஆறுமுகத்துக்கு ஊரெல்லாம் வேலை. இந்த ஆறுமுகம் சும்மாதான் இருக்கறான். என்ன வேணும்னு சொல்லுங்க" என்பார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகள் எல்லோரையும் அம்மணி என்றுதான் கூப்பிடுவார்கள், காய்கறிக்காரரிலிருந்து கண்டக்டர் வரை. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார். அந்த இழுப்பு வேறு யார் வாயிலும் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் விளக்கேற்றுவேன், "ஆறுமுகா" என்பேன். உள்ளே சத்தமே இருக்காது. கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான் சொல்வது எல்லாம் புரிந்தது. சொல்ல வேண்டியது உள்ளே இருந்தது, வெளியே வர வழி இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பார்க்க வந்தவர்கள் பேசியதையும் எழுதத்தான் வேண்டும். உங்களில் சிலரும் வந்தீர்கள். "எல்லாம் அவன் விளையாட்டு" என்றீர்கள். "நம்பிக்கை குறைஞ்சிருக்கும், அதான் சோதிக்கறான்" என்று ஒருவர் சொன்னார். அவர் கொண்டு வந்த ஆரஞ்சை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். இப்போதும் அதற்கு வருத்தப்படவில்லை. வருடா வருடம் வெறுங்காலில் பழனிக்கு நடந்த மனுஷன் அவர். அவர் நம்பிக்கையில் எந்தப் பக்கம் பிசிறு கண்டீர்கள்?

என் தம்பி சாமி கும்பிடாதவன். கோயிலுக்குள் கரண்ட் வேலைக்கு மட்டும்தான் போவான். அவன் ஒரு தடவைகூட விளையாட்டு, சோதனை என்று பேசவில்லை. வாரம் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு, என் வீட்டுக்காரரைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனான்.

அங்கே ஒரு சின்ன வயசுப் பெண் பயிற்சி கொடுத்தார். நான் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவேன். உதட்டைக் குவிக்கச் சொல்வார், படத்தைக் காட்டி என்ன என்று கேட்பார். ஆவணி போனது, புரட்டாசி போனது. ஒரு வார்த்தை வரவில்லை. மேசையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு வரலாம், வராமலும் போகலாம் என்பது போதவில்லை. வருமா வராதா என்று யாராவது ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அதனால் பூ கேட்கப் போனேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கரட்டுக் குன்றின் மேல் ஒரு சின்ன முருகன் கோயில் இருக்கிறது. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவு தெரியாத காரியம் எதுவானாலும் அங்கே போய்ப் பூ கேட்பார்கள். பூசாரி சாமியின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்ட வைப்பார். நாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் நல்ல வாக்கு. இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம், ஆகாது என்று அர்த்தம்.

நான் அதுவரை எனக்காகப் பூ கேட்டதில்லை. தனியாகப் போனேன். பூசாரி பூ வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "ஆறுமுகா, அவருக்குப் பேச்சு வருமா? வரும்னா வரும்னு சொல்லு. இல்லைனா இல்லைனு சொல்லு. என்னை நடுவில நிறுத்தாதே" என்று கேட்டேன். கெஞ்சவில்லை. சண்டைக்காரி மாதிரித்தான் கேட்டேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் இடது கைப் பக்கம் இருந்த பூ நழுவிக் கீழே விழுந்தது.

நான் அதற்கு மேல் நிற்கவில்லை. திருநீறு வாங்கவில்லை. பூசாரி பின்னால் இருந்து "ஏனுங்கம்மா, நில்லுங்க" என்று கூப்பிட்டார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். யார் ஆறுதலும் எனக்கு வேண்டாம் என்று படி இறங்கிவிட்டேன்.

விஷயத்தை என் தம்பி ஒருவனிடம் மட்டும்தான் சொன்னேன்.

"இடது பக்கம் விழுந்துருச்சுடா. ஆகாதுன்னு சொல்லியாச்சு. இனி மாமாவ அலைக்கழிக்க வேண்டாம்."

"ஏக்கா, ஈரம் காஞ்சா பூ உழுகும். கோயில்ல ஃபேன் இருக்குதுல்ல?"

"இருக்குது."

"எந்தப் பக்கம் இருக்குது?"

"செருப்பால அடிப்பேன்."

"அடி, வாங்கிக்கறேன். ஆனா பயிற்சிய நிறுத்தாத. பூவா டாக்டருக்குப் படிச்சுது?"

நான் நிறுத்திவிட்டேன். அவன் இரண்டு முறை பைக்கோடு வந்து வாசலில் நின்றான். திருப்பி அனுப்பினேன். வராத ஒன்றுக்காக அந்த மனுஷன் உதட்டைக் குவித்துக் குவித்து அவமானப்படுவதை என்னால் பார்க்க முடியாது என்று சொன்னேன். விளக்கேற்றுவதையும் நிறுத்தினேன். ஆறுமுகா என்ற பேரையே வாயில் எடுக்கவில்லை. அந்தப் பேரைச் சொன்னால் எனக்கு இரண்டு பக்கமும் வலித்தது.

ஐப்பசியும் கார்த்திகையும் அப்படியே போயின. கார்த்திகை தீபத்துக்கு எங்கள் தெருவில் இருட்டாக இருந்தது என் வீட்டு வாசல் மட்டும்தான். அவர் கதவோரம் உட்கார்ந்து மற்ற வீட்டு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழி பிறந்த சமயம் எங்கள் கம்பெனியில் குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர் ஓடியது. நெஞ்சில் இடது பக்கம் ஒரு சின்னப் படகு பிரிண்ட். தென்காசிப் பக்கத்திலிருந்து முத்துமாரி என்று ஒரு பெண் புதிதாக என் மேசையில் சேர்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கிறேன், ஒரு கட்டு முழுவதையும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி டேமேஜ் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறாள்.

"என்ன புள்ள பண்ணி வெச்சிருக்கற?"

"எல்லாம் தப்புக்கா. பிரிண்டு இடதுலன்னு சொன்னிய. இது வலது பக்கம்லா இருக்கு."

"யாருக்கு வலது?"

"எனக்குத்தான். இந்தா, என் வலது கை இந்தப் பக்கம்லா."

"நீயா சட்டையப் போட்டுக்கப் போற? போட்டுக்கறவனுக்கு எது இடதோ அதுதான் சட்டைக்கு இடது. எதுத்தாப்புல நிக்கறவளுக்கு மாறித்தான் தெரியும். உன்ற கைய வெச்சா ஊரான் சட்டைக்குத் திசை பார்ப்ப?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. நான் ஒரு சட்டையை எடுத்து என் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றேன். "இப்பப் பாரு. படகு என் இடது பக்கம். உனக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

"எனக்கு வலது பக்கம்க்கா."

சட்டையை நெஞ்சில் வைத்தபடி நிற்கிறேன். அன்றைக்குக் கோயிலில் நானும் எதிரில்தான் நின்றேன். என் இடது கைப் பக்கம் விழுந்த பூ சாமிக்கு எந்தப் பக்கம்?

"என்னாச்சுக்கா? மேலுக்கு முடியலையா?" என்று முத்துமாரி கேட்டாள். நான் போய்த் தண்ணீர் குடித்தேன். பதினைந்து வருடமாக இதே பாடத்தை ஒவ்வொரு புதுப் பெண்ணுக்கும் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாமி முன்னால் மட்டும் என் கையை வைத்துத் திசை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கம்மா. திருநீறு வாங்காமப் போனவங்கதானுங்களே?"

"அன்னைக்கு விழுந்த பூ எந்தப் பக்கத்துப் பூவுங்க?"

"வலப்பூவுங்க. நல்ல வாக்கு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க திரும்பியே பாக்கல."

"சாமிக்கு வலதுங்களா?"

"பின்ன? உங்க வலதுக்குப் பாக்கறதுன்னா, சாமி எதுக்குங்க அங்க நிக்குது?"

அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் பாதிதான். இரண்டு மாதமாக அவரை வாயடைத்து உட்கார வைத்தேனே என்ற ஆத்திரம் மீதி. அது என் மேலும் இருந்தது, முருகன் மேலும் இருந்தது. "நான்தான் திரும்பிப் பார்க்காமல் போனேன். நீ ஒரு கல்லைத் தட்டிவிட்டு என்னைத் தடுக்கி விழ வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. இன்று வரை வரவில்லை. வராத பதிலை வந்தது என்று நான் இந்த மலரில் எழுத மாட்டேன்.

அங்கிருந்து தம்பி கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையில் இருந்த மோட்டாரைக் கீழே வைத்தான்.

"அக்கா, இடதோ வலதோ, அது காத்துல உழுந்த பூதான். ஆனா அதுக்காக மாமாவப் பயிற்சிக்கு அனுப்பறன்னா, அந்தக் காத்துக்கு நானே ஒரு கும்பிடு போடறேன்."

மறு வாரம் பைக் வாசலுக்கு வந்தது.

டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம்" என்று மட்டும் சொன்னார். படங்களைக் காட்டியும் எதுவும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வைத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை. ஒரு நாள் என்னைக் கேட்டார், "யோசிக்காம இவர் வாயில தினமும் வந்துக்கிட்டிருந்தது ஏதாவது இருக்கா? பாட்டு, கும்பிடறப்போ சொல்றது, வேலையில சொல்றது? அந்த மாதிரி வார்த்தைக்கு மூளையில வேற வழி இருக்கும்."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அவர் அப்பா சந்தையில் தேங்காய் விற்றவர். சந்தையில் எண்ணும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் காய்க்கு லாபம் என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு, மூணு. இவரும் பனியன் எண்ணும்போது அப்படித்தான் எண்ணுவார். யூனிட்டில் எல்லோரும் அதற்காகவே கேலி செய்வார்கள். பீஸ் எடுத்துப் போடும்போது "லாபம்" என்று ஆரம்பித்து ராகம் போட்டு எண்ணுவார்.

"அப்ப அதையே செய்ங்க. கையில துணியக் குடுத்துச் செய்ங்க" என்றார் டாக்டரம்மா.

முத்துமாரிதான் கம்பெனியில் கேட்டு ஒரு பை டேமேஜ் சட்டைகளை வாங்கி என் வீட்டில் கொண்டு வந்து கொடுத்தாள். தினமும் காலையில் அவர் முன்னால் அதைக் குவிப்பேன். ஒரு சட்டையை எடுத்துப் போட்டு "லாபம்" என்பேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்ததை எடுத்து "ரெண்டு" என்பேன். தை பிறந்தது. நம் குழு பழனிக்கு நடந்து போனது. அவர் வாசலில் உட்கார்ந்து நீங்கள் போவதைப் பார்த்தார். அன்றைக்கு நான் மறுபடியும் விளக்கேற்றினேன். "வாக்குக் கொடுத்தாய். நான் காத்திருக்கிறேன்" என்று சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மாசியில் ஒரு காலை. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சட்டைக் குவியலை அவர் முன்னால் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தேன். பின்னால் துணி விழுகிற சத்தம் கேட்டது.

"லா... பம்."

நான் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம்.

"ரெண்டு. மூணு. நாலு."

பழைய ராகம் இல்லை. குரல் கரகரத்தது. ஆனால் நிற்கவில்லை. ஒவ்வொரு சட்டையாக எடுத்துப் போட்டு எண்ணிக்கொண்டே போனார். பன்னிரண்டு வந்ததும் நிறுத்தி, அவற்றைச் சேர்த்து ஒரு கட்டாகத் தட்டி ஒதுக்கி வைத்தார். பனியன்காரருக்கு டஜன்தான் கணக்கு. அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் அழுதார், நானும் அழுதேன். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

தம்பி ஓடி வந்தான். "எங்க மாமா, சொல்லுங்க" என்றான். அவர் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி "லாபம்" என்றார். அவன் வெளியே போய்ப் பைக்கைத் துடைக்கிற மாதிரி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது. வராமல் இருக்குமா?

"பயிற்சியாலதான் வந்துச்சுக்கா. டாக்டரம்மாவே சொன்னாங்கல்ல, வேற வழின்னு."

"சரி. பயிற்சிக்கு என்னைத் திருப்பி அனுப்புனது எது?"

"சட்டை."

"அந்தச் சட்டைய அன்னைக்கு அந்தப் புள்ள கையில குடுத்தது எது?"

"உங்க சூப்பர்வைசர்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. என்னிடம் அவன் வாயை அடைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இதைச் சான்று என்று எந்த மேசையிலும் வைத்து நான் பாஸ் வாங்க முடியாது. பூ காற்றில் விழுந்திருக்கலாம். ஃபேன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கையையும், டேமேஜ் பையைத் தூக்கிக்கொண்டு வந்த முத்துமாரியையும், இடுப்போடு கட்டித் தூக்கிப் போன என் தம்பியையும் விட்டுவிட்டு எல்லாம் முருகன் செய்தான் என்று எழுதினால் எனக்கு நாக்கு அழுகிப்போகும். நான் சொல்வது இவ்வளவுதான். நான் கேட்டேன். பதில் வந்தது. நான் தப்பான பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போனேன். போனவளைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை வைத்து, திருப்பி நிற்க வைத்துக் காட்டினார்கள். காட்டியது யார் என்று எனக்குத் தெரியும். என் தம்பிக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்துதான் அவருக்குச் சோறு ஊட்டுகிறோம்.

இப்போது அவருக்குச் சில வார்த்தைகள் வருகின்றன. தண்ணி, சோறு, வேண்டாம். தம்பியைச் செந்து என்கிறார். வேண்டியதைச் சொல்லிவிடுகிறார், பேச்சு என்று சொல்ல முடியாது. கேலி இன்னும் வரவில்லை. அம்மணி வரவில்லை. உதட்டைச் சேர்ப்பார், ம் என்று நிற்கும், கையை உதறிவிடுவார். நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன். அவர் குரலில், அந்த இழுப்போடு. அதற்காக இனிப் பூ கேட்க மாட்டேன். ஒரு தடவை சொன்னதே எனக்குப் போதும். காத்திருக்கத் தெரியாத ஜென்மம் நான், இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். கோபம் குறையவில்லை. ஆனால் யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றினேன். கண்ணை மூடி "ஆறுமுகா" என்றேன்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு மெதுவாக, "எ... ன்ன?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு எந்த ஆறுமுகம் பதில் சொன்னது என்று என் தம்பி கேட்பான். கேட்கட்டும்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும். ஆகாது என்று உங்களுக்கும் ஒரு பூ விழுந்திருக்கும். ஒரு தடவை சாமி பக்கம் போய் நின்று, அது எந்தப் பக்கம் விழுந்தது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். கோபமாகவே கூப்பிடுங்கள், தப்பில்லை. திருநீறு வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள்.